படகில் முன்னால் யார் உட்காருவது

வடக்கனந்தல்
17.1.2025

இசைவாணி அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. பெண்டாட்டி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனதுகூடத் தெரியாமல், கடைசி சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கின மனுஷருக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்? நான் கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன், ஈர வேட்டியோடு ஒரு பெரியவர் பின்னால் இருக்கிறார், கள்ளக்குறிச்சியில் எழுப்பி விடுங்கள் என்று. எழுப்பினாரா இல்லையா என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம். எழுப்பினாரா?

என் தங்கச்சி காசியம்மாள் வீட்டில் இருக்கிறேன். இன்று காலையிலிருந்து பக்கத்துக் காட்டு வேடியப்பன் போனிலிருந்து நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் எடுக்கமாட்டேன். போனில் உங்களுக்குப் பேச வராது, அதட்டத்தான் வரும். எதுவாயிருந்தாலும் எழுதி அனுப்புங்கள். காகிதத்தில் எவ்வளவு அதட்டினாலும் எனக்குக் காது வலிக்காது.

ஒன்றுமே நடக்காத மாதிரி நீங்கள் ஊரில் நடமாடுவீர்கள் என்பதால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். போன ஆடியில் செவலையையும் மயிலையையும் விற்றதிலிருந்து, காலி கொட்டகையில் போய் நின்றுகொண்டு நீங்கள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். இந்த வருஷம் மாடு இல்லாத மாட்டுப் பொங்கல். அப்பா அன்றைக்கு வீட்டில் இருந்தால் அழுதுவிடுவார் என்று நம் இசைவாணி கோயம்புத்தூரிலிருந்தே கல்வராயன் மலையில் ரூம் போட்டுக் கொடுத்தாள். மூன்று நாள் ஓய்வெடுங்கள் என்றாள். நாம் எடுத்த ஓய்வு நமக்குத்தான் தெரியும்.

அந்த ரிசார்ட்டுக்குள் ஒரு ஏரி. அதில் வாழைப்பூ மடல் மாதிரி நீளமாக ஒரு படகு. கயாக் என்றார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், ஆளுக்கொரு துடுப்பு. சொல்லிக்கொடுக்க வந்தவர் தெளிவாகத்தான் சொன்னார். ரெண்டு பேரும் துடுப்புப் போடவேண்டும், படகைத் திருப்புவதை மட்டும் பின்னால் இருப்பவர் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று. உங்கள் காதில் பின்பாதி மட்டும்தான் விழுந்தது. முன்னால் இருப்பது மாடு, பின்னால் இருப்பவர் வண்டிக்காரர் என்று எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள்.

முதல் பத்து நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அறுபத்திரண்டு வயசில் முதல் தடவையாக, நான் கை போட்டு இழுத்த ஒரு பொருள் சும்மா முன்னால் போயிற்று. அதனால் யாருக்கும் சோறு ஆகவில்லை, யார் துணியும் வெளுக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். அப்போது பின்னாலிருந்து நாக்கை மடித்து ஒரு சத்தம் வந்தது. பிறகு "ஹை ஹை" வந்தது. "வலத்த வா, வலத்த" என்று வந்தது. கடைசியில் அந்த வார்த்தை வந்தது.

"இழுடா செவலை."

ஏரிக்கரையில் காணும் பொங்கலுக்கு வந்திருந்த மெட்ராஸ்காரர்கள் கைதட்டினார்கள். மலையில் அது ஏதோ பழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. நான் திரும்பினேன், படகு கவிழ்ந்தது. நான் திரும்பினதால்தான் கவிழ்ந்தது என்று எழுதுவீர்கள், தெரியும். கட்டின பெண்டாட்டியை எருது பேரைச் சொல்லி, அதுவும் "டா" போட்டுக் கூப்பிட்டால் அவள் திரும்பாமல் என்ன செய்வாள்? உங்கள் போன் தண்ணீரில் போனதற்கு எனக்கு வருத்தமில்லை.

நான் வீட்டுக்கு வரவேண்டுமென்றால் ஒரு வழிதான் இருக்கிறது. அந்தப் படகில் நாம் திரும்ப ஏறவேண்டும். நீங்கள் முன்னால், நான் பின்னால். உங்கள் வாய் மூடியிருக்கவேண்டும். முடியும் என்றால் எழுதுங்கள். முடியாதென்றால் காசி வீட்டில் எனக்கு ஒரு பாய் இருக்கிறது.

சாலம்மாள்


மூங்கில்துறைப்பட்டு
20.1.2025

சாலாவுக்கு,

உன் கடுதாசி இன்று மத்தியானம் வந்தது. போஸ்ட்மேன் கொடுக்கும்போதே சிரித்துக்கொண்டு கொடுத்தார். கடைசியாக நீ எனக்குக் கடுதாசி போட்டது இசைவாணி பிரசவத்துக்கு உன் அம்மா வீட்டுக்குப் போனபோது. அதில் இவ்வளவு காரம் இல்லை.

முதலில் ஒன்று. நான் பஸ்ஸில் தூங்கவில்லை. வளைவில் தலை சுற்றியது, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் உலுக்கியபோது கள்ளக்குறிச்சி வந்துவிட்டது. உன்னைக் காணோம். பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தேடினேன். டீ வாங்கினேன், ரெண்டு டீ, நீ வந்துவிடுவாய் என்று. பெண்கள் கழிப்பறை வாசலில் நின்று "சாலா, சாலா" என்று கூப்பிட்டேன். உள்ளேயிருந்து வேறு யாரோ ஒரு அம்மா வந்து "இன்னாய்யா வேணும் உனுக்கு" என்று கேட்டாள். ஓடி வந்துவிட்டேன். உன்னால் எனக்கு இந்த வயசில் இந்தப் பேரும் வந்தது. பேசாமல் இறங்கிப் போவது உனக்கு எங்கே கற்ற பழக்கம்?

சரி, படகு விஷயம். நீ எழுதியிருப்பதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். வார்த்தை வாயில் வந்துவிட்டது. சின்ன வயசிலிருந்து கரும்பு வண்டி ஓட்டி ஆலைக்குப் போய்வந்த வாய். முன்னால் ஒரு முதுகும் பின்னால் நானும் என்றால் அதற்குத் தெரிந்ததைத்தான் சொல்லும். அதுவுமில்லாமல் பிடிக்காத மாட்டை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். செவலையை நான் ஒரு நாளும் அடித்ததில்லை. அந்தப் பேரைச் சொன்னால் மரியாதைதான். இது உனக்குப் புரியாது.

இழுத்தது நீ மட்டும் என்பதுபோல எழுதியிருக்கிறாய். நானும் இழுத்தேன். உன்னைவிட ஜாஸ்தியாகவே இழுத்தேன். வலது தோள்பட்டை இன்னும் தூக்க முடியவில்லை. வேடியப்பன் பெண்டாட்டி தைலம் கொடுத்தாள்.

முன்னால் உட்கார் என்கிறாய். யோசித்துப் பார். ஒரு குடும்பத்தில் பின்னால் இருந்து வழி பார்க்கிறவன் ஒருவன் வேண்டாமா? ஏற்கெனவே அந்த மெட்ராஸ்காரர்கள் எடுத்த வீடியோ எப்படியோ நம் ஊர் போன்களுக்கெல்லாம் வந்துவிட்டது. டீக்கடையில் போய் உட்கார்ந்தால் "இன்னா மாமா, செவலை சௌக்கியமா" என்று கேட்கிறார்கள். இந்த நிலைமையில் நான் முன்னால் உட்கார்ந்து நீ பின்னால் உட்கார்ந்தால் என்ன கேட்பார்கள் என்று நினைத்துப் பார்.

இங்கே எல்லாம் நல்லபடி இருக்கிறது. நானே சமைக்கிறேன். புளிக்குழம்பு வைத்தேன். நாய் சாப்பிட்டது.

வீட்டுக்கு வந்துவிடு. படகெல்லாம் நமக்கு எதற்கு.

கொளஞ்சியப்பன்


வடக்கனந்தல்
23.1.2025

இசைவாணி அப்பாவுக்கு,

வீடியோ இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. காசி அவள் வீட்டுக்காரர் போனில் வாங்கிவிட்டாள். நானும் அவளும் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு தடவை பார்த்தோம், பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தோம்.

உங்கள் துடுப்பு உங்கள் மடியில் கிடக்கிறது.

ஆரம்பத்தில் நாலு போடு போட்டிருக்கிறீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. அதற்குமேல் துடுப்பு மடியைவிட்டு அசையவில்லை. நான் மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று போட்டுக்கொண்டே போகிறேன். கோரைப்புல் கிட்டே வந்ததும் உங்கள் வலது கை மேலே போகிறது. சாட்டை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தோள்பட்டை வலி அதனால் வந்ததாக இருக்கும்.

ஆக அந்தப் படகு ஒற்றை மாட்டு வண்டி. நான் ஒருத்தி இழுத்திருக்கிறேன். காசி வீடியோவை விரலால் நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். அவள் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "அண்ணன் சும்மாதான் குந்திக்கினு இருக்காரு" என்றார். அவர் உங்களுக்கு எப்போதும் பரிந்து பேசுகிறவர்.

படகெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு எதற்கோ எனக்குத் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது. அதை நீங்கள் கேட்கவே இல்லை.

புளிக்குழம்புக்குப் புளியைக் கரைத்துதான் ஊற்றவேண்டும். அப்படியே போடக்கூடாது.

சாலம்மாள்


மூங்கில்துறைப்பட்டு
26.1.2025

சாலாவுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை, தபால் போகாது. வேடியப்பன் கச்சிராயபாளையம் பக்கம் போகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவன் தலையில் கட்டுப் போட்டிருப்பான். ஒன்றும் கேட்காதே. நானே எழுதுகிறேன்.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். வெயிலில் எடுத்த படம், சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் நீ இவ்வளவு சொல்கிறாயே, முன்னால் உட்காருவது என்ன பெரிய கஷ்டம் என்று ஊர்ப்பக்கமே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. முன்னால் உட்காருவது சுலபம் என்று உனக்கு எழுதவேண்டும் என்பதுதான் யோசனை. நம் ஏரியிலும் தண்ணீர் ததும்ப நிற்கிறது. படகுதான் இல்லை.

வேடியப்பனிடம் வெல்லம் காய்ச்சும் கொப்பரை சும்மா கிடக்கிறது. நாலு பேர் கால் நீட்டி உட்காரலாம். அவனே சொன்னான், "மாமா, இது மெதக்கும் மாமா" என்று. நாங்கள் அதை டிராக்டரில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோனோம். பாகு கிண்டுகிற நீளக் கட்டை ரெண்டு எடுத்துக்கொண்டோம். யாருக்கும் தெரியாமல் போகவேண்டும் என்று காலையிலேயே கிளம்பினோம். டிராக்டரில் கொப்பரை போகிறதென்றால் எங்கேயோ விருந்து என்று ஊரில் பாதிப் பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

முதல் தகராறு கரையிலேயே வந்தது. வட்டமான பாத்திரத்தில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது? வேடியப்பன் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு இதுதான் முன்பக்கம் என்றான். நான் போய் முன்னால் உட்கார்ந்தேன், அவன் பின்னால். தள்ளிவிட்டார்கள். நிஜமாகவே மிதந்தது சாலா. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள்.

நான் ஒரு போடு போட்டேன். கொப்பரை முன்னால் போகாமல் இருந்த இடத்திலேயே சுற்றியது. இன்னொரு பக்கம் போட்டேன், அந்தப் பக்கம் சுற்றியது. கரிக்கோடு இப்போது கரையைப் பார்த்திருந்தது, முன்பக்கம் பின்பக்கமாகிவிட்டது என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. தலை சுற்றுகிறது என்று நான் சொல்லச் சொல்ல, அவன் பின்னாலிருந்து பேச ஆரம்பித்தான். "இப்படிப் போடு. அப்படிப் போடு. இன்னா மாமா, இழுக்கறியா தூங்கிக்கினு கீறியா" என்றான். எனக்கு அந்தக் குரலே பிடிக்கவில்லை. என்னைவிட எத்தனை வயசு சின்னவன். கையோ ஓய்ந்துபோகிறது, முன்னால் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, பின்னால் ஒருத்தன் வாய் ஓயவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் கட்டையைக் கொப்பரை விளிம்பில் சாய்த்துவைத்துவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

கோபத்தில் முழுசாகத் திரும்பினேன். கொப்பரை கவிழ்ந்தது.

அந்த இடத்தில் எனக்கு உன் ஞாபகம் வந்தது. அதற்குமேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

இடுப்பளவு தண்ணீர்தான். கொப்பரை விளிம்பு வேடியப்பன் நெற்றியில் பட்டது, லேசான காயம். கொப்பரை சேற்றில் புதைந்துவிட்டது. டிராக்டரில் கயிறு கட்டி இழுக்கும்போது அத்தனை பேரும் சேர்ந்து "இழுடா செவலை" என்று பாடினார்கள். டிராக்டர் சிவப்பு நிறம்.

அதட்டினது தப்பு. எழுதிவிட்டேன், பார்த்துக்கொள். ஆனால் மலைக்கு வரச்சொல்லாதே. அங்கே நம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருப்பார்கள். இங்கே சிரிக்கிறவர்களே எனக்குப் போதும். வீட்டுக்கு வா.

கொளஞ்சியப்பன்


வடக்கனந்தல்
30.1.2025

இசைவாணி அப்பாவுக்கு,

கடிதத்தைக் காசி சத்தமாகப் படித்தாள். கொப்பரை இடம் வந்ததும் படிக்க முடியாமல் என்னிடம் கொடுத்தாள். நான் படிக்க முடியாமல் அவள் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவருக்குப் புரை ஏறிவிட்டது. வேடியப்பனுக்கு மோர் கொடுத்து அனுப்பினோம். அவன் கொப்பரைக்கு ஒரு நெளிவுமில்லை, உங்களுக்குத்தான் நெளிவு எடுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். நான் செவ்வாய்க்கிழமை மலைக்குப் போனேன். உங்களுக்காகக் காத்திருந்தால் அடுத்த பொங்கல் வந்துவிடும் என்று காசியைக் கூட்டிக்கொண்டு போனேன். சிரிக்கிற ஆள் ஒருவருமில்லை. அந்தச் சொல்லிக்கொடுக்கிறவர் என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா, ஐயா வரலீங்களா" என்று மரியாதையாகக் கேட்டார். ஐயாவுக்குத் தோள்பட்டை வலி என்றேன்.

காசி முன்னால், நான் பின்னால். அவள் படகில் கால் வைத்ததிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை. துடுப்பைத் தண்ணீரில் போடச் சொன்னால் காற்றில் போடுகிறாள். நேராகப் போக வேண்டிய படகு கரையோரம் போய் ஒரு பாறையைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் பொறுமையாகத்தான் சொல்லிப் பார்த்தேன். பிறகு கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பிறகு என் வாயிலிருந்து, கோழியைக் கூண்டில் அடைக்கும்போது விடுகிற சத்தம் வந்தது. பின்னால் உட்கார்ந்தால் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. இதை நான் எழுதினதாக வெளியில் சொல்லவேண்டாம். காசி ரெண்டு நாளாக எனக்கு அவள் கையால் காபி போட்டுக் கொடுப்பதில்லை.

அதனால் அதட்டினதை விட்டுவிடுகிறேன். செவலை என்று சொன்னதைக்கூட விட்டுவிடுகிறேன்.

ஆனால் காசியை அதட்டினபோதும் என் துடுப்பு தண்ணீரில்தான் இருந்தது. நீங்கள் ஏன் அதை மடியில் வைத்தீர்கள்? எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். வெயிலில் எடுத்த படம், தோள்பட்டை, தலை சுற்றல் இதெல்லாம் வேண்டாம். சோம்பேறித்தனம் என்றால் சோம்பேறித்தனம் என்றே எழுதுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டேன்.

படுத்தால் எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்தே இப்படித்தானோ, நான் இழுத்துக்கொண்டே இருந்தேனோ, நீங்கள் பின்னால் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே வந்தீர்களோ என்று. நான் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்ததால் எனக்குத் தெரியாமலே போய்விட்டதோ என்னவோ. அப்படி நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. மனசு கஷ்டமாக இருக்கிறது. இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். நான் நம்புகிற மாதிரி சொல்லுங்கள்.

சாலம்மாள்


மூங்கில்துறைப்பட்டு
3.2.2025

சாலா,

இந்தக் கடுதாசியை வேடியப்பனிடம் கொடுக்கவில்லை. போன தடவை கொடுத்ததை அவன் வழியில் பிரித்துப் படித்திருக்கிறான். அவன் தலைக்கட்டைப் பற்றி நான் எழுதியதைச் சொல்லி என்னோடு சண்டைக்கு வந்தான். இதைத் தபாலில்தான் போடுகிறேன். நீயும் காசியிடம் கொடுக்காதே.

ரெண்டு காகிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் எழுதினதில் தோள்பட்டை வந்துவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில். துடுப்பை நான் மடியில் வைக்கவில்லை. அது எப்போது மடிக்கு வந்தது என்றே எனக்குத் தெரியாது. வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நீ சிரித்தாய் அல்லவா. சத்தமாகச் சிரித்தாய். முதுகு குலுங்கியது, கழுத்தில் ரெண்டு மூன்று முடி வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. உன் முதுகை நான் பார்க்காதவன் இல்லை. அடுப்படியில் பார்ப்பேன், களை எடுக்கும்போது பார்ப்பேன், வேலை செய்கிற முதுகு. இது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. இவள் கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தாள் என்று யோசித்தேன். இசைவாணி பள்ளிக்கூடத்தில் டான்ஸ் ஆடி விழுந்த வருஷமா, அதற்கும் முன்னாலா என்று யோசித்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கை நின்றுவிட்டது போலிருக்கிறது. அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தால் படகு கோரைப்புல்லுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு நீச்சல் தெரியும், உனக்குத் தெரியாது. அந்த மிதக்கிற சட்டையை உன் உடம்புக்குச் சரியாகக் கட்டினார்களோ இல்லையோ என்று பயம் பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம் வந்த ஒரு வருஷம் கரும்பு வண்டியோடு நடுத் தண்ணீரில் மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு அப்போது வைத்திருந்த பழைய செவலைதான் கரை சேர்த்தான். அதிலிருந்து பயம் வந்தால் என் வாயில் அந்தப் பேர்தான் வரும். மாடு விற்ற பிறகும் வருகிறது. பயத்தில் கூப்பிட்டதுதான் சாலா, அதட்டினது இல்லை. வெளியில் கேட்கும்போது ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் போல.

நீ இழுத்துக்கொண்டே இருந்தாய், நான் வழி சொல்லிக்கொண்டே இருந்தேன் என்கிறாய். அதில் பாதி நிஜம். எந்தப் பாதி என்று இந்தப் பதினெட்டு நாளாக வீட்டில் தனியாக இருந்து பார்த்ததில் தெரிகிறது. மோட்டார் போடுவதிலிருந்து உப்பு எங்கே இருக்கிறது என்பது வரைக்கும். மீதிப் பாதிக்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அதை நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

மலைக்கு வருகிறேன். முன்னால் உட்காருகிறேன். யார் சிரித்தாலும் சரி, வாயைத் திறக்கமாட்டேன். ஒரே ஒரு வருத்தம்தான். முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் தண்ணீர்தான் தெரியும், உன்னைப் பார்க்க முடியாது.

புளியைக் கரைத்து ஊற்றினேன். இந்தத் தடவை நாய் கேட்டும் கொடுக்கவில்லை.

கொளஞ்சியப்பன்


வடக்கனந்தல்
5.2.2025

இசைவாணி அப்பாவுக்கு,

படித்தேன். காசிக்குப் படித்துக் காட்டவில்லை. என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள், உப்பு எங்கே என்று கேட்டிருக்கிறார் என்றேன். அப்புறம் எதற்கு அழுகிறாய் என்றாள். வெங்காயம் என்றேன். அடுப்படியில் அப்போது வெங்காயம் இல்லை.

நீங்கள் எழுதியது நிஜமா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. வீடியோவில் உங்கள் முகம் சின்னதாகத்தான் தெரிகிறது. பொய்யாக இருந்தால், இவ்வளவு நல்ல பொய்யைக் கல்யாணமான புதுசிலேயே சொல்லியிருக்கலாம். நிஜமாக இருந்தாலும் அப்போதே சொல்லியிருக்கலாம்.

இசைவாணியிடம் சொல்லிவிட்டேன், ரூம் போட்டுவிட்டாள். வரும் சனிக்கிழமை காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் முதல் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறுங்கள். நான் வடக்கனந்தலில் ஏறிக்கொள்கிறேன். எனக்கு ஜன்னல் ஓரம் வைத்திருங்கள். மாற்று வேட்டி ரெண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இசைவாணி அனுப்பின புதுப் போனை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டு வாருங்கள். தபாலை நம்பாமல் இதைக் காசி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் ஆலைப் பக்கம் வருகிறார். அவர் பிரித்துப் படிக்கமாட்டார்.

நீங்கள் முன்னால்தான் உட்காரவேண்டும். அதில் மாற்றமில்லை. வாயைத் திறக்க வேண்டுமென்றால் திறந்துகொள்ளுங்கள்.

காசி முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு நிமிஷம்கூடத் துடுப்பு மறக்கவில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தால் மறக்கிறதா என்று நானும் பார்க்கவேண்டும்.

சாலா